மதிலுக்கு மூத்தவை

சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை நோக்கிப் போகும் ரயில், டேனிஷ்பேட்டையும் லோக்கூரும் தாண்டி, மலைகளுக்கு நடுவே ஏறிவந்து பொம்மிடியில் நிற்கிறது. தெற்கே சேர்வராயன் மலைத்தொடர். மேற்கே தொப்பூர்க் கணவாய். கிழக்கே பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டினால் சித்தேரி மலை. சேர்வராயனில் பிறக்கும் தண்ணீரில் ஒரு பங்கு தொப்பையாறாகி மேற்கே காவிரியைச் சேர்கிறது. இன்னொரு பங்கு வாணியாறாகித் தென்பெண்ணைக்குப் போகிறது. அந்தக் காலத்துப் படைகள் கடந்த வழி, இன்றைய ரயில் பாதை, நான்குவழிச் சாலை எல்லாமே இந்த மலைகளின் இடுக்குகளைத்தான் நம்பியிருக்கின்றன. வடக்கே போகப் போக மலைத்தொடர் உடைந்து தனித்தனிக் கருங்கல் குன்றுகளாகிறது. பழைய தகடூர் நாட்டின், பின்னாளைய பாராமகாலின் மலைக்கோட்டைகள் அந்தக் குன்றுகளின் தலையில்தான் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கக் கிளம்புகிறவர் காதில் முதலில் விழுவது இரண்டே பெயர்கள்: ஒன்று அதியமான், மற்றது திப்பு சுல்தான். ஏறியவர் மதிலைத் தொட்டுப் பார்த்து, கொத்தளத்தின் மேல் நின்று படமெடுத்து, இரண்டில் ஒரு பெயரோடு இறங்கிவிடுகிறார். ஆனால் மலைக்கோட்டையில் வயதில் இளையது மதில்தான். அதற்கு மூத்தவை அதே மலையிலும் அதன் அடிவாரத்திலும் இருக்கின்றன: சுனை, வழி, இறந்தோருக்கு நட்ட கற்கள். மதிலை மட்டும் பார்ப்பவர் நானூறு ஆண்டுகளைப் பார்க்கிறார். மற்றவற்றையும் தேடிப் பார்ப்பவருக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கிடைக்கிறது.

பயணத்தைப் பொம்மிடியிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கிருந்து பார்த்தால் கண்ணை நிறைக்கும் சேர்வராயன் மலையில் பெயர் சொல்லும்படியான கோட்டை எதுவும் இல்லை. அதன் உச்சியில் இருப்பது குகைக்குள் அமைந்த சேர்வராயன் கோயில். மே மாதத் திருவிழாவுக்கு மலையாளிப் பழங்குடி மக்கள் கூடும் இடம். ஐயாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த மலை, வற்றாத ஓடைகள், விளையும் நிலம் எல்லாம் இருந்தும் அரசர்கள் யாரும் அங்கே மதில் எழுப்ப முனையவில்லை. உயரம்தான் கோட்டையைத் தீர்மானிக்கிறது என்றால் இந்த வட்டாரத்தின் முதல் கோட்டை அங்கேதான் இருந்திருக்க வேண்டும். கோட்டை தேடியது உயரத்தை அல்ல. சில நூறு பேரால் காக்கக்கூடிய சுற்றளவு, கீழே போகும் சாலையைக் கண்காணிக்க ஒரு பார்வை, மழை பெய்தால் தண்ணீர் தேங்க ஒரு பாறைக்குழி, இந்த மூன்றும் ஒன்றாக அமைந்த தனிக்குன்றைத்தான் அது தேடியது. பரந்த பீடபூமியைச் சுற்றி மதில் கட்டி மாளாது. கட்டினாலும் காத்து மாளாது. மதில் இல்லாத பெரிய மலையை முதலில் பார்த்துவிட்டுச் சிறிய குன்றுகளுக்குப் போனால், மதில் ஏன் ஓரிடத்தில் வருகிறது, இன்னோரிடத்தில் வருவதில்லை என்ற கேள்வி தானாகவே எழும்.

கிருஷ்ணகிரி மலையை எடுத்துக்கொள்வோம். சையத் பாஷா மலை என்று ஊரார் சொல்லும் இந்த மொட்டைப் பாறை, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஏறும் வழி பாறையில் வெட்டிய படிகளும் வாசல்களுமாகப் போகிறது. இங்கே நின்று மதிலைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும்: மதில் மலையைச் சுற்றித் தொடர்ச்சியாக ஓடவில்லை. செங்குத்தான பாறை இருக்கும் இடத்தில் மதிலே இல்லை. இரண்டு பாறைகளுக்கு இடையே ஆள் ஏறும்படி சரிவு இருக்கும் இடத்தில் மட்டும் கருங்கல்லை அடுக்கி அடைத்திருக்கிறார்கள். கோட்டையின் பெரும்பகுதியை மலையே கட்டி வைத்திருந்தது. மனிதன் செய்தது விடுபட்ட இடங்களை நிரப்பியது. இந்த நிரப்பு வேலையின் காலமும் ஓரளவு தெளிவானது. விஜயநகர ஆட்சியின் பிற்பகுதியில், பதினாறாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, பாராமகால் ஜெகதேவராயரின் கைக்கு வந்தது. பன்னிரண்டு கோட்டைகள் என்ற மரபும் அவரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. அவருக்குப் பின் பீஜாப்பூர்ப் படை, மைசூர் உடையார்கள், கடப்பை நவாபுகள், ஹைதர் அலி, திப்பு சுல்தான் என்று கைகள் மாறின. துப்பாக்கியும் பீரங்கியும் வந்துவிட்ட காலத்துக்கு ஏற்பக் கொத்தளங்களும் கைப்பிடிச் சுவர்களும் திருத்தப்பட்டன. இன்று நாம் தொட்டுப் பார்க்கும் கல்லும் சுண்ணாம்புக் காரையும் பெரும்பாலும் இந்த இருநூறு, இருநூற்றைம்பது ஆண்டுகளின் வேலை.

அந்த மதில் வேலை செய்த காலம் அதைவிடவும் குறைவு. 1768-இல் நீண்ட முற்றுகைக்குப் பின் கிருஷ்ணகிரி ஆங்கிலேயரிடம் பணிந்தது. மீண்டும் மைசூர் வசமான பின், மூன்றாம் மைசூர்ப் போரின்போது 1791 நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல்லின் படை இரவில் தாக்கியது. பேட்டையும் கீழ்க்கோட்டையும் விழுந்தன, மேல்கோட்டை விழவில்லை. மேலே இருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட, ஏணியோடு ஏறியவர்கள் பின்வாங்க நேர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் மேஜர் கௌடியின் படை ராயக்கோட்டையைப் பிடித்திருந்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை பாராமகாலைக் கும்பினியாரிடம் ஒப்படைத்தது. 1799-இல் திப்பு வீழ்ந்ததும் மைசூர் எல்லை என்ற அச்சமே இல்லாமல் போனது. கும்பினி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இந்தச் சமவெளியில் நிலத்தை அளந்து, உழவரிடம் நேரடியாக வரி பேசத் தொடங்கியபோது, அதிகாரம் மலையிலிருந்து இறங்கி வயலுக்கு வந்துவிட்டது. மதிலுக்கு அதன்பின் வேலை இல்லை. ஆனால் மலைமேல் தர்கா இருந்தது, மக்கள் ஏறினார்கள், சுனையில் தண்ணீர் தேங்கியது. இவற்றில் எது நிலைத்தது, எது வந்து போனது என்பதற்கு இந்த ஒரு மலையே போதுமான சாட்சி.

அடுத்து தண்ணீர். ராயக்கோட்டை மலைக்குத் தருமபுரி-ஓசூர் ரயிலிலேயே போய் இறங்கலாம். சங்ககிரிக்குப் பொம்மிடியிலிருந்து சேலம் வழியாக ரயில் மாறிப் போகலாம். எங்கு போனாலும் மேலே ஏறியதும் மதிலின் ஓரமாக நடக்காமல் மழைத்தண்ணீர் ஓடும் தடத்தைப் பின்தொடர்ந்து பாருங்கள். மொட்டைப் பாறையின் சரிவில் விழும் நீர் எங்கே கூடுகிறதோ அங்கே ஒரு குழி இருக்கும். இயற்கைக் குழியை ஆழப்படுத்தி, தாழ்ந்த பக்கம் கல் வைத்து அடைத்து, இறங்கப் படி வெட்டியிருப்பார்கள். ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும் வகையில் அமைந்த குளங்களும் உண்டு. தானியக் கிடங்கும் வெடிமருந்துக் கிடங்கும் தங்குமிடமும் நீரை விட்டு வெகுதூரம் போவதில்லை. பாறையில் மண் இல்லை. எனவே கிணறு தோண்ட வழியில்லை. மேலே எத்தனை பேர், எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்பதை மதிலின் தடிமன் தீர்மானிக்கவில்லை; ஆடி முதல் ஐப்பசி வரை பெய்யும் மழையில் இந்தக் குழிகள் எவ்வளவு நிறைந்தன என்பதே தீர்மானித்தது.

இதை நம் முன்னோர் அறியாதவர்கள் இல்லை. பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டபோது கபிலர் பாடியதாகப் புறநானூற்றில் வரும் பாட்டு, அந்த மலை ஏன் விழாது என்பதற்குச் சொல்லும் காரணங்களில் மதில் இல்லை. உழாமலே விளையும் மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்ற நான்கையும் எண்ணிச் சொல்லி, சுனைகளின் எண்ணிக்கைக்கு விண்மீன்களைக் காட்டுகிறார் கபிலர். சோறும் தண்ணீரும் உள்ளேயே இருப்பவனை வெளியே நிற்பவன் எப்படி வெல்வான் என்பதே அவர் கேள்வி. திருக்குறளின் அரண் அதிகாரத்திலும் தெளிந்த நீர்தான் முதலில் வருகிறது; வெட்டவெளியும் மலையும் காடும் அதன்பின். மறுப்பவர் உடனே அடுத்த குறளைக் காட்டலாம்: உயரம், அகலம், உறுதி, நெருங்க முடியாமை என்று மதிலின் இலக்கணத்தைத்தானே அது சொல்கிறது? சொல்கிறது, மதில் தேவையில்லை என்று இங்கே யாரும் வாதிடவில்லை. ஆனால் வரிசை கவனிக்கத்தக்கது. முதலில் இடம், பிறகு கட்டடம். அதே அதிகாரம் உள்ளிருப்போருக்கு உணவு இருக்க வேண்டும் என்றும், எத்தனை மாண்பு இருந்தாலும் செயல்வீரர் இல்லாவிட்டால் அரண் பயனற்றது என்றும் சொல்லித்தான் முடிகிறது. மதில் அங்கே பல உறுப்புகளில் ஒன்று.

ஐரோப்பாவின் கெல்ட் மக்கள் எழுப்பிய மலைக்கோட்டைகளும் இதே பாடத்தைச் சொல்கின்றன. ஜூலியஸ் சீசர் கால் நாட்டில் நடத்திய போரில், கி.மு. 52-இல் கெர்கோவியா மலைக்கோட்டையை நேரடியாகத் தாக்கித் தோற்றார். அடுத்த ஆண்டு உக்செல்லோதூனம் என்ற மலைக்கோட்டையில் அவர் மதிலைத் தாக்குவதில் நேரத்தை வீணாக்கவில்லை. கோட்டையார் தண்ணீர் எடுத்த ஊற்றின் அருகே மேடு கட்டி, கோபுரம் நிறுத்தி, யாரும் நெருங்க முடியாதபடி செய்தார். அதே வேளையில் மண்ணுக்கடியில் சுரங்கம் வெட்டி ஊற்றின் கண்ணையே திருப்பிவிட்டார். ஊற்று வற்றியதும் கோட்டை பணிந்தது. தெற்குப் பிரான்சில் புய் திசோலூ என்ற குன்றில் அந்தச் சுரங்கத்தின் தடத்தை அகழ்வாய்வு வெளிக்கொண்டு வந்திருக்கிறது. மதிலை ஏறிப் பிடிக்க முடியாத மலையைத் தண்ணீரை அடைத்துப் பிடிக்கலாம் என்பது அங்கும் இங்கும் ஒரே கணக்கு. கிருஷ்ணகிரி ஒரே இரவில் நடந்த தாக்குதலுக்கு விழாமல், மாதக்கணக்கான முற்றுகைக்கு விழுந்ததை இதனோடு வைத்துப் பார்த்தால் போதும்.

மூன்றாவது சாட்சி, இறந்தோர். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2021-இல் நடத்திய அகழாய்வில் கிடைத்த மாதிரிகளில் ஒன்று, இரும்புப் பயன்பாட்டை கி.மு. 2172-க்குக் கொண்டுபோனது, 2022 மே மாதம் சட்டப்பேரவையில் முதலமைச்சர் இதை அறிவித்தார். இந்த இடம் மலையடிவாரம். மேலே பாறை ஒதுங்கல்களில் ஓவியங்களும், சுற்றிலும் ஈமச்சின்னங்களும் உள்ளன. சூளகிரி அருகே மல்லச்சந்திரத்தில் குன்றின் மேல் கல்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன; பலகைக்கல்லை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்து, இறந்தவருக்கு வீடு கட்டிய மக்கள் அவர்கள். தருமபுரி மாவட்டத்து மோதூரில் புதிய கற்கால வாழ்விடத்தை 2004-05 அகழாய்வு காட்டியது. மெருகேற்றிய கற்கோடரிகளைக் கோயிலில் வைத்து வழிபடும் வழக்கத்தைச் சேர்வராயன், ஜவ்வாது மலைப்பகுதிகளில் பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இத்தனைக்கும் மதில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. அந்த மக்கள் குன்றைத் தேர்ந்ததற்கும், மூவாயிரம் ஆண்டு கழித்துப் பாளையக்காரரும் நவாபும் அதே வகைக் குன்றைத் தேர்ந்ததற்கும் பொதுவான காரணம் இருந்திருக்கிறது: ஒதுங்கப் பாறை, தேங்கும் நீர், கீழே மேய்ச்சல் நிலம், கடந்து போகும் வழி. கோட்டை புதிய இடத்தை உருவாக்கவில்லை. ஏற்கெனவே முக்கியமாக இருந்த வகை இடத்தில் உட்கார்ந்தது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். அதியமானை எங்கே வைப்பது? தகடூர் என்பது தருமபுரி, அதியமான் நெடுமான் அஞ்சி இங்கே ஆண்டான், ஔவையார் பாடினார், சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்ததைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில்கிழார் பாடுகிறார், தகடூர் யாத்திரை என்று ஒரு தனி நூலே இருந்து, சில பாடல்கள் மட்டும் நமக்கு மிஞ்சியிருக்கின்றன. மதிலை இளையது என்று சொல்வது அதியமானைக் குறைப்பதாகாதா? ஆகாது, அதியமானுக்கு மதிலைவிட உறுதியான சான்று இருக்கிறது. திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டு, சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாழியை, அதாவது குகை உறைவிடத்தை, குறிப்பிடுகிறது. அசோகரின் கல்வெட்டுகளில் சேர சோழ பாண்டியரோடு வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு அந்த ஒரு வரி விடை சொன்னது. அதியமான் வரலாற்று மனிதன் என்பதற்கு இயற்கையான ஒரு குகையும் ஒரு வரி எழுத்தும் போதுமாயின. பின்னாளில் யாரோ கட்டிய கொத்தளத்தைக் காட்டி அவன் புகழை நிறுவ வேண்டிய நிலை நமக்கு இல்லை.

மேலும், தகடூரின் தலைமையிடம் மலைமேல் இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. தருமபுரி நகருக்குள் கோட்டை என்று இன்றும் வழங்கும் பகுதி சமதரையில், நுளம்பர் காலத்துக் கோயிலைச் சுற்றி இருக்கிறது. நகருக்குத் தெற்கே உள்ள அதியமான்கோட்டையும் சமதரை ஊர்தான். சென்னராயப் பெருமாள் கோயிலும் அதன் கூரை ஓவியங்களும் இன்று அந்த ஊரின் சிறப்பு. அதியமான் என்ற பெயரும் ஒருவனோடு முடியவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தை ஒட்டி, தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாள் என்ற அதியமான், போளூர் அருகே திருமலையில் தன் முன்னோன் எழினி நிறுவிய இயக்க, இயக்கி உருவங்களைச் செப்பனிட்டதாகக் கல்வெட்டு பொறித்தான். ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஒரே குடிப்பெயர் வழங்கிய நாட்டில், அதியமான் கோட்டை என்று ஊரார் சொன்னால் எந்த அதியமான் என்று கேட்பது அவமதிப்பு ஆகாது. அந்தக் கேள்விதான் இடையிலுள்ள ஆயிரம் ஆண்டுகளை நம் கண்ணுக்குக் காட்டுகிறது.

ஒரே பெயரைக் கோட்டை முழுவதுக்கும் சூட்டுவதில் என்ன கேடு என்பதற்கு இங்கிலாந்தின் மெய்டன் காசில் நல்ல எடுத்துக்காட்டு. டார்செட் மாவட்டத்தில் உள்ள இந்த இரும்புக்கால மலைக்கோட்டையை 1934 முதல் 1937 வரை அகழ்ந்தவர் மார்ட்டிமர் வீலர். கிழக்கு வாசலருகே கிடைத்த எலும்புக்கூடுகளில் வெட்டுக்காயங்களைக் கண்டு, கி.பி. 43-ஐ ஒட்டி ரோமப் படை தாக்கிய அன்று மாண்டவர்களை அவசரமாகப் புதைத்த இடம் என்று ஒரு போர்க்காட்சியை எழுதினார். அந்தக் காட்சி பாடநூல்களில் ஏறியது; இரண்டு மூன்று தலைமுறை அதை நம்பியது. பின்வந்த ஆய்வுகள் ஐயம் எழுப்பின. 2025-இல் போர்ன்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரிமக் காலக்கணிப்பின் மூலம் அந்தச் சாவுகள் ஒரே நாளில் நேர்ந்தவை அல்ல, ரோமர் வருவதற்கு முன்பே பல பத்தாண்டுகளில் பரவியவை என்று காட்டினார்கள். வீலர் தோண்டியதில் தவறில்லை. கிடைத்ததையெல்லாம் ஒரே நாளின் கதைக்குள் அடைத்ததில்தான் பிழை. அதே வீலர் தமது அகழாய்விலேயே, அந்த மதில்களுக்குக் கீழே புதிய கற்கால வளாகம் ஒன்றையும், மதிலின் காலம் முடிந்து நூற்றாண்டுகள் கழித்து ரோமர் காலத்தில் எழுந்த கோயிலையும் கண்டிருந்தார். மதிலுக்கு முன்னும் பின்னும் மலைக்கு வாழ்க்கை இருந்தது என்பதற்கு அவர் கையிலேயே சான்று இருந்தது. மக்கள் மனத்தில் நின்றது போர்க்காட்சி மட்டுமே.

வீலர் நமக்கும் தொடர்புடையவர். 1944 முதல் 1948 வரை இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்தார். 1945-இல் அரிக்கமேட்டையும், 1947-இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியையும் அகழ்ந்தார். பிரம்மகிரியில் கற்கோடரி மக்கள், பெருங்கற்காலத்தவர், அவர்களுக்குப் பின் சாதவாகனர் காலத்தவர் என்று அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டியது தென்னிந்தியத் தொல்லியலுக்கு அவர் தந்த பெரும் கொடை. ஆனால் பெருங்கற்காலத்தை அவர் கி.மு. 200-ஐ ஒட்டித் தொடங்கினார். இன்று மயிலாடும்பாறை அந்தக் கணக்கை எவ்வளவு பின்னுக்குத் தள்ளியிருக்கிறது என்பதை முன்பே பார்த்தோம். அடுக்குகளைப் பிரித்த முறை நிலைத்தது. அவற்றுக்கு ஒட்டிய ஆண்டுகள் மாறின. கோட்டைக்குப் போகும் பயணிக்கும் இதுவே வழிகாட்டி. பெயரையும் ஆண்டையும் பிறகு ஒட்டிக்கொள்ளலாம். எது எதன் மேல் இருக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை.

பிரான்சின் பிப்ராக்த் இன்னும் தெளிவான சான்று. எதுவி என்ற கெல்டியக் குடியின் தலைநகராக மோன் பூவ்ரே மலைமேல், மரச்சட்டமும் கல்லும் கலந்த மதிலோடு விளங்கிய ஊர் அது. கி.மு. முதல் நூற்றாண்டின் முடிவில், ரோமர் சமவெளியில் ஓதன் நகரை நிறுவியதும், ஊர் மலையை விட்டு இறங்கிவிட்டது. ஆனால் ஊற்றுகள் இருந்தன. மலைமேல் வழிபாடு தொடர்ந்தது. மே மாதச் சந்தை இடைக்காலத்திலும் அங்கே கூடியது. மலை வெறுமையாகவில்லை. 1799-க்குப் பிந்தைய கிருஷ்ணகிரி மலையிலும் சங்ககிரி மலையிலும் தர்காவும் பெருமாள் கோயிலுமாக மக்கள் ஏறிக்கொண்டே இருப்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கோட்டை என்பது ஒரு மலையின் நீண்ட வாழ்க்கையில் ஓர் அத்தியாயம்.

இன்னொரு மறுப்பு பயணிகளிடமிருந்தே வரும். சுனையும் கல்திட்டையும் எத்தனையோ குன்றுகளில் உண்டு. மதில் இருப்பதால்தானே அது கோட்டை, அதைத்தானே பார்க்கப் போகிறோம்? நியாயமான கேள்விதான். இதற்கு விடை காணப் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தின் தென்கரைக்கோட்டைக்குப் போக வேண்டும். இது தரைக்கோட்டை. காக்க மலை இல்லை. ஆகவே மதிலே எல்லாச் சுமையையும் சுமந்தது. சுற்றுமதில், உள்ளே கல்யாணராமர் கோயில், குடியிருப்பு என்று முழுவதும் மனிதன் திட்டமிட்ட கட்டடம். இதைப் பார்த்துவிட்டு மலைக்கோட்டைக்கு ஏறினால் வேறுபாடு புரியும். தரைக்கோட்டையில் மதில் எங்கே போக வேண்டும் என்பதைக் கட்டியவன் முடிவு செய்தான். மலைக்கோட்டையில் அதைச் சுனையும் சரிவும் முடிவு செய்தன. சுனையை உள்ளே வைத்து, சரிவை அடைத்து, வழியைக் கண்காணிக்கும்படி வளைந்த கோடுதான் அந்த மதில். அதன் காரணங்களைப் பார்க்காமல் மதிலை மட்டும் பார்த்தால், அது ஏன் அங்கே வளைகிறது, ஏன் இங்கே நின்றுவிடுகிறது என்று சொல்ல முடியாது. மதிலைப் புரிந்துகொள்ளத்தான் மற்றவற்றைப் பார்க்கச் சொல்கிறோம்.

கடைசி மறுப்பு ஊராரின் கதைகளைப் பற்றியது. சான்று சான்று என்று பேசி, தலைமுறைகள் சொல்லிவந்த கதைகளைத் தள்ளிவிடலாமா? தள்ள வேண்டியதில்லை. இந்த வட்டார மக்கள் கதையை வாயால் மட்டும் சொல்லவில்லை. கல்லிலும் நட்டு வைத்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் நடுகற்களால் நிறைந்தவை. பல்லவர் காலம் தொட்டு எழுத்துடன் கூடியவை பல. ஆநிரை கவர்ந்தபோது மாண்டவன், மீட்கப் போய் மாண்டவன் என்று அவற்றில் பதிவானவர்களில் பெரும்பாலோர் கோட்டைக்கு உரியவர்கள் அல்ல. கோட்டை காக்கும் வழிகளில் மாடு மேய்த்தவர்களும் அவர்களுக்காகப் போரிட்டவர்களும்தான். பலவற்றைத் தருமபுரி அருங்காட்சியகத்தில் ஒருசேரப் பார்க்கலாம். மலை ஏறும் முன் அங்கே ஒரு முற்பகல் செலவிடுவது நல்லது. ஊர்க்கதையை மதிப்பது என்றால் மன்னன் பெயரோடு நின்றுவிடாமல், ஊர் தானே நட்டு வைத்த பெயர்களையும் படிப்பது.

நடைமுறையாகச் சில. கருங்கல் பாறை பங்குனி, சித்திரையில் கால் வைக்க முடியாதபடி சுடும். மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களே ஏற ஏற்றவை. அப்போதுதான் சுனைகளும் நிறைந்திருக்கும். தண்ணீர் எப்படித் தேங்கியது என்பதை நேரில் காணலாம். காப்புக்காட்டுக்குள் போகும் பாதைகளில் வனத்துறையின் அனுமதி கட்டாயம். 2018-இல் குரங்கணித் தீ விபத்துக்குப் பின் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024-இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் நாற்பது பாதைகள் முன்பதிவுக்குத் திறக்கப்பட்டன. சுனை நீரில் நெகிழிப் புட்டி வீசுவதும் பாறை ஓவியத்தின் மேல் பெயர் எழுதுவதும் மதிலின் ஒரு கல்லைப் பெயர்ப்பதைவிடப் பெரிய அழிவு; மதிலைத் திரும்ப அடுக்கலாம், அவற்றைத் திரும்பச் செய்ய முடியாது.

பாதுகாப்புச் சட்டமும் மதிலைச் சுற்றியே நினைக்கிறது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னத்தின் எல்லையிலிருந்து நூறு மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு வெளியே இருநூறு மீட்டர் வரை கட்டுப்பாடு என்பது 2010 முதல் சட்டம். அறிவிக்கப்பட்ட கோட்டைக்கு இது காப்பு. ஆனால் அதே மலையின் மறுசரிவில் இருக்கும் கல்வட்டத்துக்கும், அடிவாரக் கல்திட்டைக்கும், அறிவிக்கப்படாத குன்றின் பாறை ஓவியத்துக்கும் அந்த அளவுகோல் எட்டுவதில்லை. இந்த மாவட்டங்களின் கருங்கல் உலகச் சந்தையில் விலைபோகும் பொருள். குவாரிக்கு மதிலும் தெரியாது, சுனையும் தெரியாது. ஆகவே கேட்க வேண்டியது இதுதான்: கோட்டையை மட்டும் சின்னமாக அறிவிக்காமல், சுனை, ஈமச்சின்னம், பழைய வழி எல்லாவற்றையும் சேர்த்து மலையை முழுதாக அளந்து பதிவு செய்ய வேண்டும். அரசு அதைச் செய்யும்வரை, பொம்மிடியிலிருந்து புறப்படும் பயணி தன் பங்குக்கு ஒன்று செய்யலாம். மலையடிவாரத்தில் சந்திக்கும் பெரியவரிடம் இந்தக் கோட்டையைக் கட்டியது யார் என்று கேட்பதற்கு முன், மேலே தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். விடை தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.